முழங்காலைப் பிடிக்காதவள்

எழுபதுகளின் நடுவில் நான் மெல்பேர்ணுக்கு வந்தது பழைய கிரேக்கம் படிப்பதற்காக. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் இன்றைக்கும் ஒரு கணம் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாடு போகிறவர்கள் மருத்துவம் படிப்பார்கள், எந்திரவியல் படிப்பார்கள், கணக்காளர் ஆவார்கள். நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கமும் லத்தீனும் படித்து, அங்கேயே சில காலம் உதவி விரிவுரையாளராக இருந்தேன். பிறகு ஒரு புலமைப்பரிசில் கிடைத்து, முப்பது வயது தாண்டிய, கலியாணமாகாத பெண்ணாகப் பல்கலைக்கழகம் இருந்த கிளேட்டன் புறநகரில் வந்து இறங்கினேன்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது பக்தியைப் பற்றிப் பழைய கிரேக்கர்கள் வழங்கிய சொற்கள். அதிலும் அடைக்கலம் தேடி வந்தவனைப் பற்றிய சொற்கள். உயிருக்குப் பயந்து ஓடிவந்தவன் அந்தக் காலத்தில் நேரே கோயிலுக்குப் போய்ப் பலிபீடத்தில் உட்கார்ந்துகொள்வான். கையில் கம்பளி நூல் சுற்றிய ஒலிவ் கிளை இருக்கும். இல்லையென்றால் ஒரு பெரிய மனிதரிடம் போய், குனிந்து, ஒரு கையால் அவருடைய முழங்காலைப் பிடித்து மற்றக் கையால் முகவாயைத் தொடுவான். அதற்குப் பிறகு அவனை இழுத்து வெளியே போடுவது தெய்வக் குற்றம். அவனை ஹிகெதேஸ் என்றார்கள். வேரைப் பார்த்தால் 'வந்தவன்' என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றுமில்லை. நாங்கள் அகதி என்கிறோம், போக வழியற்றவன். இதை முதல் அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தேன். என் பேராசிரியருக்கு அந்த அடிக்குறிப்பு மிகவும் பிடித்துப்போயிற்று.

அவர் கோபமே வராத மனிதர். மாணவர்களுக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றிக் கொடுப்பார். இளம் வயதில், இரண்டாம் உலகப்போரின்போது, அவுஸ்திரேலியப் படையோடு கிரேக்க நாட்டுக்குப் போய், படை பின்வாங்கியபோது அங்கேயே அகப்பட்டுக்கொண்டவர். ஒரு மலைக்கிராமத்தில் ஒரு குடும்பம் அவரை ஆட்டுக்கொட்டிலில் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. அந்த வீட்டுப் பெண் கொண்டுவந்து தந்த ரொட்டியைப் பற்றி ஒவ்வொரு வருடமும் முதலாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொல்வார். சொல்லும்போது குரல் தணிந்துவிடும். கிரேக்கம் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அந்தக் கொட்டிலில்தானாம்.

நான் குடியிருந்ததும் ஒரு கிரேக்க வீட்டில்தான். வீட்டுக்கார அம்மா சைப்பிரஸ் தீவைச் சேர்ந்தவர், கணவரை இழந்தவர். வீட்டின் பின்பக்கத்து அறையை எனக்கு வாடகைக்கு விட்டிருந்தார். அறைக்கு ஒட்டினாற்போல் கராஜ். அதற்குள் தையல் இயந்திரங்களைப் போட்டு, ஏதோ தொழிற்சாலைக்குச் சட்டைக் கொலர் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்தி என்பதற்கான பழைய சொல்லை நான் புத்தகத்தில் படித்தபடி யூசெபேயா என்று சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். 'எவ்சேவியா' என்று திருத்தினார். அது புனிதர்களின் படங்களை முத்தமிட்டுக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டும் கிழவிகளிடம் இருப்பது என்றும் சொன்னார்.

எழுபத்தேழு ஆவணியில் ஊரில் கலவரம் தொடங்கியது. தெற்கிலும் மலைநாட்டிலும் தமிழர்களை அடித்துத் துரத்தி, மிஞ்சியவர்களைக் கப்பலேற்றி வடக்கே அனுப்புகிறார்கள் என்று செய்தி வந்தது. இப்போதைக்கு வர வேண்டாம் என்று அப்பா தந்தி அடித்தார். பேராதனையில் பழைய வேலைக்குத் திரும்பலாம் என்ற எண்ணம் அத்தோடு போயிற்று. இங்கேயும் நான் மாணவியாக இருக்கும்வரைதான் இருக்கலாம். புலமைப்பரிசில் முடியும் கட்டத்தில் இருந்தது. அதை நீட்டிப்பதற்குப் பேராசிரியரின் சிபாரிசு வேண்டும். அவர் தருவார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அன்றிலிருந்து அவருடைய அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் என் கை ஒரு கணம் தயங்கியது.

அடுத்த வருடம் குளிர் தொடங்கும் நேரத்தில் அவர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். அவருடைய தேவாலயத்தில் அகதிகளுக்கு உதவும் குழு ஒன்று இருந்தது, அதற்கு அவர்தான் தலைவர். இலங்கையிலிருந்து வந்த ஒரு தமிழ்ப் பெண்ணை நோபல் பார்க் புறநகரில் தேவாலயத்துக்குச் சொந்தமான வீடொன்றில் தங்கவைத்திருக்கிறார்கள், அவளுக்கு ஆங்கிலம் வராது, நான் மொழிபெயர்க்க முடியுமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன மரப்பலகை வீடு அது. அக்கா என்றே நான் கூப்பிட்டேன், இங்கும் அப்படியே சொல்கிறேன். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயதிருக்கும். தெற்கே ஒரு சிங்கள ஊரில் அவளும் கணவரும் புடவைக்கடை வைத்திருந்தார்கள், கூடவே தையலும். கலவரத்தில் கடை எரிந்தது. கணவர் யாழ்ப்பாணத்தில் தமையன் வீட்டில் ஒதுங்கியிருந்தார். மெல்பேர்ணில் டொக்டராக இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் தன் மனைவியின் பிள்ளைப்பேற்றுக்கு உதவிக்கென்று அக்காவை மட்டும் விசிட்டர் விசாவில் கூப்பிட்டிருந்தார். பிள்ளை பிறந்தது. மனைவியின் தாயும் வந்து சேர்ந்தார். வீட்டில் இடமில்லாமல் போயிற்று. டொக்டர் எங்கள் ஆட்களின் சங்கத்தில் முக்கியமானவர், நாலு பேரைத் தெரிந்தவர். பேராசிரியரின் குழுவிடம் பேசி அக்காவை இந்த வீட்டில் சேர்த்துவிட்டார்.

வீட்டில் எல்லாம் இருந்தது. ஹீற்றர், கட்டில், குசினி நிறையச் சாமான். அலுமாரி திறக்க முடியாத அளவுக்குக் கம்பளிக் கோட்டுகள். ஆனால் அவள் வேலைக்குப் போகக் கூடாது, விசாவில் அனுமதி இல்லை. டொக்டர் வீட்டுக்குத் திரும்ப முடியாது. ஊருக்குப் போகலாம் என்றால் கணவர் வேண்டாம் என்கிறார். கணவரை இங்கே கூப்பிட வேண்டுமானால் குழு அரசாங்கத்திடம் சிபாரிசு செய்ய வேண்டும். விசாவை நீட்டிப்பதற்கும் குழுதான். குழுவைச் சேர்ந்த பெண்கள் ஆளுக்கொரு சாவி வைத்திருந்தார்கள். ஒருத்தி சூப் கொண்டுவருவாள், இன்னொருத்தி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, போன கிழமை தந்த சூப் அப்படியே இருக்கிறதே என்று வருத்தப்படுவாள். எல்லோரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம்.

“இது வீடில்லைத் தங்கச்சி, கோயில் மண்டபம்,” என்றாள் அக்கா. “ஆரும் எப்பவும் உள்ளுக்கு வரலாம். நான் மட்டும் வெளிய போகேலாது.”

எனக்கு என் புத்தகங்களில் படித்தது நினைவுக்கு வந்தது. பலிபீடத்தில் உட்கார்ந்தவனைத் தொடக் கூடாது என்பது சட்டம். அதனால் சில ஊர்களில் அவனைத் தொடாமல் சுற்றிவர நின்று காவல் காத்தார்கள். சாப்பாடு போகாமல் பார்த்துக்கொண்டார்கள். சாகப்போகிறான் என்று தெரிந்ததும் கோயில் தீட்டுப்படாமல் இருக்க மெதுவாகத் தூக்கி வெளியே வைத்தார்கள். அக்காவுக்குச் சாப்பாடு வந்துகொண்டே இருந்தது, அதனால் இந்த ஒப்பீடு சரியில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் ரயிலில் நோபல் பார்க்கிலிருந்து திரும்பும்போது அது என்னோடு கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்த பிறகு தேநீர்க் கூட்டம் நடக்கும். அதில் அக்கா தன் கதையைச் சொல்வாள், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். பிறகு வேறு வேறு ஊர்த் தேவாலயங்களிலிருந்தும் கூப்பிட்டார்கள். பெட்டியில் காசு விழும், அது வவுனியாவில் கூடாரங்களில் இருந்த மலைநாட்டு ஆட்களுக்குப் போகும். நல்ல காரியம்தான். ஆனால் ஒரு கதையை அப்படித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள். அக்காவின் குரல் கிழமைக்குக் கிழமை தட்டையாகிக்கொண்டு வந்தது. ஓரிடத்தில் அவள் எப்போதும் கொஞ்சம் நிறுத்துவாள். அந்த இடத்தில் முன்வரிசைப் பெண்கள் கைக்குட்டையை எடுக்கப் பழகியிருந்தார்கள்.

கதை இதுதான். கும்பல் வந்த அன்று கணவர் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். கடைக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரி. அதை நடத்திய வயதான சிங்களப் பெண் பின்வாசலால் வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மா மூட்டைகள் அடுக்கிய அறைக்குள் பூட்டினாள். பலகை இடுக்கால் பார்த்தபோது கடை எரிவது தெரிந்தது. புடவைக் கட்டுகளைத் தோளில் சுமந்து வெளியே வந்தவர்களில் பேக்கரிக்காரியின் மூத்த மகனும் இருந்தான். பிறகு அவன் வீட்டுக்கு வந்தான். அக்கா உள்ளே இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. தாயும் மகனும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டார்கள். பிறகு தாய் அவனுக்குச் சோறு போட்டாள். அவன் சாப்பிடும் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அக்கா அங்கே இருந்த நாட்களில் கும்பல் வேறு வேறு வீடுகளைத் தேடி வந்தது. அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை.

முதல் சில கூட்டங்களில் அவள் இதை முழுவதாகச் சொன்னாள், நானும் முழுவதாகவே மொழிபெயர்த்தேன். பிறகு ஒரு நாள் டொக்டர் எங்களைக் காரில் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவை இறக்கிவிட்டு என்னோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் என்றார்.

“பிள்ளை, அந்தப் பேக்கரிக்காரியின்ரை கதையை விட்டிடுங்கோ,” என்றார். “சனம் அதைத்தான் பிடிச்சுக்கொண்டு போகுது. அங்க எல்லாரும் நல்லவை, ஏதோ கொஞ்சப்பேர் குழப்பம் செய்தவை எண்டு நினைக்குது. மகன் புடவைக் கட்டைத் தூக்கினதைச் சொல்லுங்கோ. அது காணும்.”

அவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிட முடியவில்லை. அவருடைய சொந்த மாமனார் அந்தக் கலவரத்தில் ரயிலில் அடிபட்டு ஒரு கண்ணை இழந்தவர். அக்காவிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

அதே கிழமையில் பேராசிரியரும் கூப்பிட்டார். தேநீர் ஊற்றினார். அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு அந்த மகனைப் பற்றிய பகுதியை விடலாமா என்று மிகவும் தயங்கிக் கேட்டார். கேட்பவர்களின் மனம் ஒரு தெளிவான விஷயத்தைத்தான் பற்றிக்கொள்ளும் என்றார். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குக் கதவைத் திறந்தாள், அதுவே போதும் என்றார். காரிஸ் என்ற சொல்லையும் சொன்னார். அருள் என்றும் நன்றி என்றும் கைமாறு என்றும் பொருள்படும் பழைய சொல் அது, கொடுத்தவனையும் வாங்கியவனையும் ஒரே கயிற்றில் கட்டுவது. மகன் அதைக் குழப்பிவிடுகிறான் என்றார். என் சிபாரிசுக் கடிதம் தட்டச்சுக்குப் போயிருப்பதாகவும் சொன்னார். இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைத்தவர் அல்ல அவர். ஆனால் இரண்டும் ஒரே அறையில், ஒரே தேநீரோடு என்னிடம் வந்தன.

இரண்டு பேரும் சொன்னதை அக்காவிடம் அப்படியே சொன்னேன். அவள் கதிரையில் இருந்தபடி ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள், பொழுதைப் போக்க, தானமாக வந்த கோட்டுகளையெல்லாம் பிரித்துப் பிரித்துத் தைப்பாள்.

“ஒருத்தருக்குத் தாய் வேண்டாம், ஒருத்தருக்கு மகன் வேண்டாம்,” என்றாள். “நீங்கள் என்ன சொல்லுறியள்?”

நீங்கள் சொல்வதைத்தான் நான் சொல்வேன் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடி கோட்டின் கையைப் பிரித்தாள்.

பெரிய கூட்டம் அந்தக் குளிர்காலக் கடைசியில் நடந்தது. நகரத்தில் ஒரு மண்டபம், பல தேவாலயங்களின் ஆட்கள், எங்கள் சங்கத்தார், முன்வரிசையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர். அவர் மனம் வைத்தால் கணவரின் விசா நகரும் என்று எல்லோரும் நம்பினார்கள். மேடையில் பேராசிரியர், அக்கா, நான். டொக்டர் குடும்பத்தோடு இரண்டாம் வரிசையில் இருந்தார். மண்டபத்தில் எவரும் கோட்டைக் கழற்றவில்லை, அவ்வளவு குளிர்.

பேராசிரியர் முதலில் பேசினார். நன்றாகப் பேசினார். கொட்டிலையும் ரொட்டியையும் சொன்னார். பிறகு பழைய கிரேக்கரின் அடைக்கலத்தைப் பற்றிச் சொன்னார். ஐதோஸ் என்று ஒரு சொல்லை எடுத்தார். காலடியில் விழுந்தவனைப் பார்த்ததும் பலசாலிக்குள் எழும் கூச்சமும் மரியாதையும் கலந்த உணர்வு அது, எங்களுடைய கூச்சம் என்ற சொல் ஓரளவுக்கு அதை நெருங்கும். எல்லாவற்றையும் இழந்த ஒருவர் நம் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நாம் சுதந்திரமானவர்கள் அல்ல என்றார். இன்று நம் முன்னால் இருக்கும் இந்தப் பெண் நம் முழங்காலைப் பிடித்திருக்கிறாள் என்று முடித்தார். கை தட்டினார்கள். என் அத்தியாயத்திலிருந்து வந்த வாக்கியங்கள் சில அதில் இருந்தன. பிடித்திருக்கிறது என்று அவற்றைக் கோடிட்டிருந்தார், எனக்குத் தெரியும்.

அக்கா என் பக்கம் திரும்பி, அவர் தன்னைப் பற்றி என்ன சொன்னார் என்று மெதுவாகக் கேட்டாள். அதை மழுப்பியிருக்கலாம். நான் மொழிபெயர்க்க வந்தவள். சொன்னேன்.

 அவள் எழுந்து, ஒலிவாங்கிக்கு முன்னால் போய், எனக்கும் கைகாட்டினாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“நான் ஆரின்ரை முழங்காலையும் பிடிக்கேல்லை,” என்றாள். “முதல் இதைச் சொல்லுங்கோ.”

மண்டபம் காத்திருந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்து ஊக்கம் கொடுப்பதுபோல் புன்னகைத்தார், அவருக்குத் தமிழ் தெரியாது. பின்னால் திரும்பினால் அவர், முன்னால் பார்த்தால் டொக்டர், பக்கத்தில் அக்கா.  அவள் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

“என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவை. நான் வந்தனான். எனக்குத் தையல் தெரியும். வேலை செய்ய விடுங்கோ, நான் சூப் கேக்கமாட்டன். என்ர மனிசனை இஞ்ச விடுங்கோ, இல்லாட்டி என்னை அவரிட்ட விடுங்கோ. இது ரெண்டும்தான் எனக்கு வேணும்.”

அதையும் சொன்னேன். பிறகு அவள் கதையை ஆரம்பித்தாள். தாயைச் சொன்னாள், மகனைச் சொன்னாள், புடவைக் கட்டைச் சொன்னாள், அவன் சோறு சாப்பிட்ட சத்தத்தைச் சொன்னாள், அவன் காட்டிக்கொடுக்காமல் இருந்ததைச் சொன்னாள். ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. கைக்குட்டைகள் எடுத்தவர்கள் அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்கள்.

முடிந்ததும் கை தட்டினார்கள், ஆனால் அது மரியாதைக்கு. பாராளுமன்ற உறுப்பினர் அக்காவின் கையைக் குலுக்கி, விசாரிக்கிறேன் என்றார். டொக்டர் குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார், எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் அக்காவும் ரயிலில் வந்தோம். வழியில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உங்களுக்கு ஏதும் கரைச்சல் வருமோ என்று ஒரு முறை கேட்டாள். தெரியாது என்றேன், உண்மையில் தெரியாது.

பேராசிரியர் இரண்டொரு நாளில் கூப்பிட்டார். அன்று தேநீர் ஊற்ற மறந்துவிட்டார். தான் கோபப்படவில்லை என்றார், நான் நம்பினேன். குழுவில் சிலர் அவமானப்பட்டதாக நினைக்கிறார்கள் என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, அந்த மலைக்கிராமத்து வீட்டில் ஒரு தம்பியும் இருந்தான் என்றார். ரொட்டி கொண்டுவந்த பெண்ணின் தம்பி. பகலில் ஜெர்மன்காரருக்கு வேலை செய்தவன், அடுத்த கிராமத்தில் ஒளிந்திருந்த இருவரைக் காட்டிக்கொடுத்தவன். என்னை மட்டும் விட்டுவிட்டான், ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது என்றார். இத்தனை வருடமாக எத்தனையோ தடவை சொன்ன கதையில் அவனை ஒரு முறைகூடச் சொன்னதில்லையாம்.  அவர் என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஆனால் வீடு போயிற்று. வியட்நாமிலிருந்து படகில் வந்த ஒரு குடும்பத்துக்கு இடம் வேண்டும், சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அக்கா தனி ஆள்தானே, டொக்டர் வீடு இருக்கிறதே என்று குழு முடிவு செய்தது. அது சாக்கு என்று சொல்ல முடியாது. அந்தக் குடும்பம் உண்மையாகவே வந்தது. நாங்கள் சாமானை எடுக்கும்போது அந்தப் பிள்ளைகள் கம்பளிக் கோட்டுகளைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்கள். யாரோடு கோபப்படுவது?

டொக்டர் வீட்டுக்கு அக்கா போக மறுத்தாள். என் அறைக்கு வந்தாள். ஒரு கட்டில், ஒரு மேசை, நடக்க ஓரடி இடம். வீட்டுக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தார், விரல்களைப் பார்த்தார், தைப்பாளா என்று கேட்டார். மறுநாளே கராஜில் ஓர் இயந்திரத்தின் முன்னால் உட்கார வைத்தார். கூலி குறைவு, சட்டப்படி அது வேலையே இல்லை. அந்த அம்மாவின் தங்கையும் சைப்பிரஸ் போருக்குப் பிறகு கூடாரத்தில் இருந்தவர், அதை நினைத்து அம்மா தேவாலயத்தில் மெழுகுதிரி ஏற்றுவார். அதற்காகக் கூலியைக் கூட்டவில்லை. ஆனால் மத்தியானம் தான் சாப்பிட்டதையே அக்காவுக்கும் வைத்தார், பக்கத்தில் உட்கார்ந்தே சாப்பிட்டார்.

அப்படியே சில மாதங்கள் போயின. விசாவும் முடிந்துவிட்டதால் அக்கா வேலியைத் தாண்டி வெளியே போகமாட்டாள். முன்கதவு மணி அடித்தால் கராஜில் இயந்திரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும், அடித்தது தபால்காரர் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி ஓடும். நான் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அடைக்கலம் என்ற சொல்லின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றால் என் பேனாவும் நின்றுவிடும். அவள் பிடிபட்டால் தங்கவைத்த என்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று எங்கள் ஆட்களில் ஒருவர் சொல்லியிருந்தார். அது உண்மையா என்று விசாரிக்கவும் பயம், விசாரித்தால் ஏன் கேட்கிறாய் என்று கேட்பார்கள். சங்கத்துக் கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டொக்டரின் மனைவியைக் கடையில் கண்டபோது அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவோடு ஒரே அறையில் இருந்தும் நாங்கள் அதிகம் கதைக்கவில்லை. இரண்டு பேரும் வெளியிலிருந்து வரும் சத்தத்துக்கே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கணவருக்கு விசா மறுக்கப்பட்டது. அந்தச் செய்தி வந்து கொஞ்சக் காலத்தில் அவரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. ஊர் அமைதியாகிவிட்டது, அவர் திரும்பிப் போய் அதே இடத்தில் கடையைக் கட்டத் தொடங்கிவிட்டார். அக்கா அன்றைக்குக் கராஜுக்குப் போகவில்லை. என் மேசை ஓரத்தில் வந்து நின்று, தான் போகப்போவதாகச் சொன்னாள்.

“அங்க திரும்பிப் போறது புத்தியோ அக்கா?” என்று கேட்டேன்.

“இஞ்ச இருக்கிறது புத்தியெண்டு ஆர் சொன்னது? அங்கயும் பயமாத்தான் இருக்கும் தங்கச்சி. ஆனா என்ர வீட்டுக்குள்ள இருந்து பயப்பிடுவன்.”

நான் தடுக்கவில்லை. தடுத்தால் அவளுக்குக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? அரைக் கட்டில்.

டல்லமரீன் விமான நிலையத்துக்கு வீட்டுக்கார அம்மாவும் வந்தார். தைத்த கொலர்களில் கழித்த துணியால் அக்கா அவருக்கு ஒரு மேலங்கி தைத்துக் கொடுத்திருந்தாள், அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒருவர் பேசியது மற்றவருக்கு விளங்காது. இரண்டு பேரும் கன்னத்தில் முத்தமிட்டுக்கொண்டார்கள். அக்கா என்னிடம் போட்டு வாறன் என்றாள், கோயில்வரை போய்விட்டு வரக் கிளம்புகிறவள் சொல்வதுபோல.

பேக்கரிக்காரி செத்துப்போனாள் என்றும், மகனுக்குக் கலியாணம் நடந்தது என்றும், கூறைப் புடவையை அவன் தங்கள் கடையில்தான் எடுத்தான் என்றும் மறு வருடம் எழுதியிருந்தாள். மணமகளின் சட்டையை அக்காவே தைத்தாளாம். அவன் விலை பேசவில்லை, அவளும் குறைக்கவில்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தாள், அதைப் பற்றித் தான் என்ன நினைத்தாள் என்று எழுதவில்லை. பிறகு அக்காவும் கணவரும் எப்படியோ எண்பத்து மூன்று கலவரத்துக்கு முதலே கடையை விற்றுவிட்டுத் திருச்சிக்குப் போய்விட்டார்கள். அந்த வருடத்தில் கடை மறுபடியும் எரிந்தபோது அது வேறொருவருடையது.

அந்தக் கலியாணச் செய்தி வந்த வருடமே அதைப் பேராசிரியரிடம் சொன்னேன். அப்போது என் ஆராய்ச்சி முடிந்திருந்தது, ஆனால் இங்கே தொடர்ந்து இருக்க அனுமதி வரவில்லை. ஊருக்குப் போகவும் துணிவில்லை. பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு தற்காலிக வேலையில் அவரே சேர்த்துவிட்டிருந்தார். புடவை விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றினார். அந்தத் தம்பி பிறகு என்ன ஆனான் என்று கிராமத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எழுதுங்கள் என்றேன். தன்னுடைய கிரேக்கம் புத்தகக் கிரேக்கம், கிராமத்தாருக்கு விளங்காது என்றார்.

என் வீட்டுக்கார அம்மாவைக் கேட்கலாம் என்றேன். அந்தச் சனிக்கிழமை பேராசிரியர் வந்தார். கராஜில், நூல் கண்டுகளை ஒதுக்கிவிட்டு, தையல் மேசையில் இருந்தபடி அம்மா எழுதினார், பேராசிரியர் சொல்லச் சொல்ல. தம்பி என்ற சொல் வந்த இடத்தில் அம்மா பேனாவை வைத்துவிட்டு, அவன் எப்படிப்பட்டவன், நல்லவனா கெட்டவனா, எப்படி விசாரிப்பது என்று கேட்டார். பேராசிரியர் மேசையில் கிடந்த ஒரு கொலரை எடுத்து மடித்து வைத்தார். வெறுமனே விசாரியுங்கள் என்றார்.